உங்க இஷ்டத்துக்கு ஒரு படி மேலே

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. என் தங்கை சொன்ன ஓர் அலுவலகச் சண்டையிலிருந்து திருடியது. ஒரு மென்பொருளை நிறுவும்போது கூட வரும் துணைப் பகுதிகளை மூன்றாகப் பிரிப்பார்களாம். ‘கட்டாயம்’: இது இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. ‘பரிந்துரை’: தானாக வரும், வேண்டாதவர் நீக்கிக்கொள்ளலாம். ‘விருப்பம்’: தேடிப்போய்க் கேட்டால்தான் வரும்.

குடும்பக் கதை எழுதுகிறவளிடம் இதையெல்லாம் சொல்லலாமா? கை சும்மா இருக்குமா?

2

அவள், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் மென்பொருளைப் பராமரிப்பவள். அதில் நேரம் சொல்லும் குரல், இறந்துபோன கணவனுடை—

(அடித்துவிட்டேன். செத்தவனை வைத்து அழவைப்பது சுலபம்.)

கணவன் உயிரோடுதான் இருக்கிறான். இரண்டு வருடமாக வேறு ஊரில் வேலை. ஜலதோஷத்தோடு அவன் பதிவுசெய்த குரல் அது. “ஏழு மணி” மட்டும் மூக்கடைத்து வரும். அவன் கிளம்பிய வாரமே அவள் அதைக் ‘கட்டாயம்’ ஆக்கினாள்.

இப்போது ஒருவர் புகார் எழுதியிருக்கிறார்: ‘கணினியில் இடமில்லையென்று குரலை நீக்கினேன். மென்பொருளே போய்விட்டது. அம்மா இரண்டு வேளை மாத்திரை போடவில்லை.’

பக்கத்து மேசைக்காரர் விதிமுறையில் கறார். அலுவலகத்தில் அவருக்குப் ‘பூட்டு’ என்று பேர்.

“குரல் இல்லாம ஓடுதா இல்லையா?” என்றார்.

“ஓடுது சார்.”

“அப்புறம் எதுக்கும்மா கட்டாயம்? வீட்டுக்காரர் குரல்ங்கறதாலயா? என் மாமியார் குரலைப் போடுங்க, ஊரே பயந்து மாத்திரை முழுங்கும்.”

சிரித்தாள். ‘விருப்பம்’ என்று மாற்றப் போனாள். அப்படிப் போட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ‘பரிந்துரை’ என்று போட்டாள்.

3

மாலையில் கணவன் கூப்பிட்டான். “இங்கயே நிரந்தரமாக்கறேன்ங்கறாங்க. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?”

இம்மாதிரிக் கேள்விக்கெல்லாம் இரண்டு வருடமாக அவளிடம் ஒரே பதில்தான்: “உங்க இஷ்டம்.” இந்தத் தடவை அதற்கு ஒரு படி மேலே ஏற்ற நினைத்தேன்.

“வந்தே ஆகணும்.” (வந்துவிடுவான். பிறகு ஒவ்வொரு சண்டையிலும் “உனக்காகத்தான் விட்டேன்” என்பான். அடித்தேன்.)

“வந்தா நல்லாருக்கும்.” (பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு அழைக்கிற தோரணை.)

“நீங்க இல்லாமலும் ஓடுது. ஆனா—”

அதற்கு மேல் வரவில்லை.

4

தங்கையிடம் படித்துக்காட்டினேன்.

“வெள்ளிக்கிழமைய திங்கட்கிழமைன்னு மாத்திட்டா எனக்குத் தெரியாதாக்கா?”

ஒப்புக்கொள்கிறேன்: அந்தப் போன் பேச்சும் திருட்டுதான். எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது.

“திட்டேன்டி” என்றேன்.

“திட்டல. அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் என்னன்னு எழுதிக் குடு. அப்படியே அவர்கிட்ட படிச்சிடறேன்.”

இருபது வருடமாகக் கதைகளில், பிரிந்தவர்களைச் சேர்த்துவைத்தே பேர் வாங்கியவள் நான். மூன்று நாளாக அந்த ஒரு வரி பிடிபடவில்லை. யாரையாவது வரச்சொல்ல நினைத்து, வாய்வரை வந்ததை விழுங்கிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். அன்று விழுங்கியது என்ன? கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இன்று வியாழக்கிழமை.

“நீங்க இல்லாமலும் ஓடுது. ஆனா