நாலு விரக்கடை

சம்பளம் வாங்காமல் ஒருவன் பதினோரு வருஷம் ஓடினான் என்றால், ஒன்று அவனுக்கு மூளை பிசகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் புளுகனாக இருக்க வேண்டும். கார்மேகத்துக்கு மூன்றாவது காரணம் எதுவும் தோன்றவில்லை.

ஷார்ஜாவில் ஒரு விளையாட்டுத் திடலில் புல்லுக்குத் தண்ணீர் விடுவது அவன் டூட்டி. சனிக்கிழமைதோறும் அங்கே அயர்லாந்துக்காரர்கள் ஹர்லிங் ஆட வருவார்கள். ஆளுக்கொரு மரமட்டை; பார்த்தால் கல்யாணப் பந்தி அகப்பை மாதிரி இருக்கும். பந்தைத் தரையில் அடிப்பார்கள், ஆகாயத்தில் அடிப்பார்கள், சமயத்தில் அடுத்தவன் விரலையும் அடிப்பார்கள்.

அவர்களில் மூத்தவன் டெக்லன், பள்ளிக்கூட வாத்தியார். தன் மாவட்டத்துக்காகப் பதினோரு வருஷம் ஆடியவன். எண்பதாயிரம் பேர் பார்க்க இறுதிப் போட்டியே ஆடியவன். அவனுடைய இங்கிலீஷ் கார்மேகத்துக்குப் பாதிதான் புரியும், மீதியைக் கை பேசும்.

“காசு எவ்வளவு சார்?”

“ஒண்ணும் கிடையாது. அங்கே யாருக்குமே கிடையாது.”

“அச்சா சார்,” என்றான் கார்மேகம். நம்பவில்லை.

போன வாரம் டெக்லன் ஒரு ஜோடி புது ஷூவோடு வந்து கார்மேகத்திடம் நீட்டினான். முட்டி தேய்ந்துவிட்டதாம், வருகிற சனிக்கிழமை கடைசி ஆட்டமாம், அம்பயருக்கு ஆள் இல்லையாம். கோலுக்குப் பக்கத்தில் கார்மேகம் நிற்க வேண்டும். இரண்டு கம்பத்துக்கு நடுவே, குறுக்குக்கட்டைக்கு மேலே பந்து போனால் ஒரு பாயின்ட், வெள்ளைக்கொடி. கீழே வலைக்குள் போனால் மூன்று, பச்சைக்கொடி. வெளியே போனால் தலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்காகக் காட்ட வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். “அந்த இறுதிப் போட்டியிலே கடைசி அடி என்னுது,” என்று ஆரம்பித்தான். “உள்ளேதான் போச்சு. அம்பயர் வெளியேன்னுட்டான். ஒரு பாயின்ட்லே தோத்தோம்.”

சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் ரூம்மேட் ஜெயசீலன் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், வக்கீலாகியிருக்க வேண்டியவன்.

“மொதல்ல ஷூ, அப்புறம் கதை. அவன் அடிச்சா கொடி தூக்கணும்னு இன்னுமா வெளங்கல அண்ணாச்சி?”

“தூக்கலன்னா?”

“கம்ப்ளெயின்ட் போவும். மேனேஜர் காருல தண்ணி பட்டதுக்கே ஒருத்தன ஊருக்கு ஏத்திவிட்டானுவ. ஒம்ம வேலையும் கலாஸ்.”

கார்மேகம் அந்த ஷூவைப் போட்டுப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது. அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது. இவனுக்கு என் கால் அளவு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை பழைய செருப்போடுதான் போனான். அம்பயருக்கென்று கொடுத்த, முழங்கால் வரை தொங்கிய வெள்ளைக் கோட்டில் ஊசி போடத் தெரியாத டாக்டர் மாதிரி நின்றான். டெக்லன் இரண்டு தடவை அவனைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு தடவையும் கார்மேகம் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

கடைசி நிமிஷம். டெக்லன் அணி ஒரு பாயின்ட் பின்னால். நொண்டிக்கொண்டே பந்தை எடுத்தவன் சுழன்று ஓங்கி அடித்தான். பந்து உயரமாக வந்து வலது கம்பத்தை ஒட்டிப் போனது. கம்பத்தடியிலேயே நின்றதால் கார்மேகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது: வெளியே, நாலு விரக்கடை.

கொடி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கேம்ப் கட்டில், வேலை, ஊரில் மனைவி பஞ்சவர்ணம் கேட்கப்போகும் கேள்விகள் எல்லாம் ஒரே நொடியில் வந்து போயின. கைகள் என்னவோ தாமாகவே தலைக்கு மேலே போய்க் குறுக்காக நின்றன.

விசில் ஊதிவிட்டார்கள். டெக்லன் மட்டையோடு நேராக அவனை நோக்கி வந்தான். கார்மேகம் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினான்.

“எவ்வளவு வெளியே?”

நாலு விரலைச் சேர்த்துக் காட்டினான்.

டெக்லன் கம்பத்தைப் பார்த்தான். தூரத்தில் நின்ற தன் ஆட்களைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, கட்டை விரலையும் சுண்டு விரலையும் அகல விரித்து ஒரு சாண் காட்டினான்.

“அன்னைக்கு இவ்வளவு.”

“என்னைக்கு சார்?”

“எண்பதாயிரம் பேர் அன்னைக்கு. பந்து மட்டையை விட்டுப் போறப்பவே வெளியேன்னு எனக்குத் தெரியும். பதினாறு வருஷமா அந்த அம்பயரைத் திட்டிக்கிட்டிருக்கேன். என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.”

டெக்லன் சிரிக்கத் தொடங்கினான், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அப்படியே புல்லில் உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கார்மேகம் கோட்டுப் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினான். தண்ணீர் காட்டுவதுதானே டூட்டி.

ரூமில் ஜெயசீலன் காத்திருந்தான். “கம்ப்ளெயின்ட் போச்சா?”

“இல்ல. ஷூவ வச்சுக்கிறச் சொன்னாரு. அடுத்த மாசமும் நிக்கணுமாம்.”

“இதுலயும் என்னமோ இருக்கு அண்ணாச்சி.”

“இருக்கு,” என்றான் கார்மேகம். அந்த ஒரு சாண் கணக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சம்பளமில்லை என்ற கதையை மட்டும் அன்றைக்கு நம்பினான். கூலிக்கு ஆடியவனாக இருந்தால் கூலியோடு மறந்திருப்பான்; ஒரு சாணை இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருக்க மாட்டான்.