ஆறுக்குட்டியின் முப்பத்தொன்றாவது நாடகம்

கண்ணாடிக்கு அப்பால் பிலோமினாவின் உதடுகள் அசைகின்றன, சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை, மைக் அணைந்திருக்கிறது, ஆகவே அவள் பேசுவது நாடகமில்லை, சூப்பர்வைசராக நடிக்க வந்திருப்பவனிடம் சொந்தமாக ஏதோ சொல்கிறாள், கையிலிருக்கும் தாளில் ஏழாம் பக்கத்தை விரலால் தட்டித் தட்டிச் சொல்கிறாள், இந்தப் பக்கம் வானொலி நிலைய அதிகாரி ஜெயசீலன் குனிந்து டேப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்கு ஒன்றும் கேட்காது, அவ்வளவு கனமான கண்ணாடி, ஆனால் பக்கத்து நாற்காலியில் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆறுக்குட்டிக்கு ஒரு சொல் பிசகாமல் வந்து சேர்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தக் கட்டடத்திலேயே செவிடர் அவர் ஒருவர்தான். ஆறு வருஷமாகக் காது சுத்தமாக அவுட், மனைவி நாகமணியைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரிந்தால் காது கேளாதவனுக்கு ரேடியோவில் என்ன வேலை என்று அடுத்த நாடகம் எழுதச் சொல்லிக் கடிதம் வராமல் போகலாம், அந்தக் கடிதம் இல்லாத ஆறுக்குட்டியை ஆறுக்குட்டியாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

காது எங்கே போயிற்று என்றால் மில்லுக்குப் போயிற்று, பதினெட்டு வயதில் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டுக்குள் நுழைந்த அன்று தலைக்குள் ஒரு இரைச்சல் புகுந்தது, முப்பத்தைந்து வருஷம் அது நிற்கவேயில்லை, அங்கே யாரும் வாயால் பேசிப் பயனில்லை, உதட்டைப் பார்க்க வேண்டும், கையைப் பார்க்க வேண்டும், கட்டை விரலை வாயிடம் கொண்டுபோனால் தண்ணீர், மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் வருகிறார், ஒரு மெஷின் தள்ளி ஒரு பெண் மூக்குத்தியைத் தொட்டால் சரி என்று அர்த்தம், நாகமணி அப்படித்தான் தொட்டாள், அவளைக் கட்டிக்கொண்டு மில் கொடுத்த லைன் வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் அவள் குரல் எப்படியிருக்கும் என்றே அவருக்குத் தெரியும், கொஞ்சம் கட்டைக் குரல், ரொம்பப் பிடித்துப்போயிற்று. முதல் நாடகத்தை எழுதியபோது அதையெல்லாம் அப்படியே எழுதினார், யூனியன் நோட்டீசின் பின்பக்கங்களில் பென்சிலால் நாற்பது பக்கம், எடுத்துக்கொண்டு நேரே வானொலி நிலையத்துக்கே போய்விட்டார், அன்றைக்கு அங்கே இருந்த பெரிய மீசைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார், கதாநாயகி மூக்குத்தியைத் தொடுகிறாள், கதாநாயகன் சந்தோஷமாகக் கையை மூன்று முறை ஆட்டுகிறான் என்று போட்டிருக்கிறீர்களே, வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆறுக்குட்டிக்குக் கேள்வியே புரியவில்லை, ஏன் தெரியாது, எல்லாருக்கும் தெரியுமே என்றார். நாற்பது பக்கத்தில் முக்கியமான அத்தனையும் கையாலேயே நடந்திருந்தது, வாயால் பேசியதெல்லாம் சோறு ஆறிப்போச்சு, பஸ் போயிருச்சு, அவ்வளவுதான். மீசைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது, கேலியில்லாத சிரிப்பு, திரும்ப எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எழுதினார், மெஷின் சத்தத்தை ஐந்து நிமிஷம் ஓடவிட்டார், பிறகு படீரென்று நிறுத்தினார், கரண்ட் போய்விட்டது, அந்த அமைதியில் இருபது பேரும் முதல்முறையாக ஒருவர் குரலை ஒருவர் கேட்கிறார்கள், அதுதான் நாடகம், கேண்டீன் ரேடியோவைச் சுற்றி ஷிப்டு முடிந்த கூட்டம் மூச்சு விடாமல் நின்றது, மறுநாள் ஆளாளுக்கு வந்து தோளைத் தட்டினார்கள், அன்றைக்கு ஏறிய தலைக்கனம் பிறகு இறங்கவில்லை, இறங்க வேண்டிய அவசியமும் வரவில்லை என்பது அவர் கட்சி. மில்காரன் பேச்சைக் கொஞ்சம் செப்பனிடலாமா என்று யாரோ கேட்டபோது, செப்பனிட்டா அது உங்க பேச்சுங்க, அதுக்கு நானெதுக்குங்க என்று கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார், அவர்களே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மில் பேருந்தில், டீக்கடையில், சம்பளக் க்யூவில், எங்கே நின்றாலும் காதில் விழுவது மறுநாள் தாளில் விழும், முப்பது நாடகம் அப்படி எழுதியதுதான், இல்லை, முப்பதும் அப்படி இல்லை, கடைசி ஐந்தாறு வேறு மாதிரி. அவற்றை எழுதும்போது காதில் ஒன்றும் விழவில்லை, ஒலிபரப்பாகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகமணி ரேடியோவுக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள், எல்லா வேஷத்தையும் அவளே வாயசைத்துக் காட்டுவாள், முதலாளி வந்தால் கன்னத்தை உப்பிக்கொள்வாள், இவர் வயிறு குலுங்கச் சிரிப்பார், ஆனால் போன தடவை பாதியில் அவள் வாய் நின்றுவிட்டது. என்னாச்சு என்றார். ஒண்ணுமில்லீங்க, பேச்சு கொஞ்சம் நீளமாட்ட இருக்குது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள், அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிலோமினா அதையேதான் சொல்கிறாள். டெலிபோன் ஆபீஸில் வேலை, பதினைந்து வருஷமாக அவர் நாடகங்களில் நடிக்கிறாள், இன்றைக்கு மில்லுக்குள் விழுந்து செத்துப்போன தொழிலாளியின் மனைவி வேஷம், சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியே வந்து செத்தவன் சோறு கொண்டுபோன தூக்குப்போசியை அவளிடம் நீட்டுகிறான், அவள் பதினோரு வரி பேசுகிறாள், உழைப்பு, வியர்வை, நியாயம், எல்லாம் வருகிறது, எழுதி முடித்த அன்று ஆறுக்குட்டி தன்னைத்தானே மெச்சிக்கொண்ட வரிகள். இதென்ன, பட்டிமன்றத்துக்கு வந்தவளாட்ட பேசறா, என்ர அம்மாவா இருந்தா போசியத் தொறந்து பாத்துட்டு, சாப்புட்டாருங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பா, வேறென்ன கேப்பா என்கிறது பிலோமினாவின் உதடு.

ஆறுக்குட்டி காலை இறக்கிவைத்தார். அவள் சொல்வது சரி, நூற்றுக்கு நூறு சரி, ஆறு வருஷத்துக்கு முந்திய ஆறுக்குட்டி எழுதியிருக்க வேண்டிய வரி அது, இந்தப் பதினோரு வரி காது போனவன் எழுதியது, மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது மறந்துபோனவன் எழுதியது, வெட்கமாக இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் பதினோரு வரியும் பதிவாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது, உள்ளே போய் அந்த வரிகளை அடித்துவிட்டு அவள் வரியைப் போட்டால் உங்களுக்கு எப்படிக் கேட்டது என்று கேட்பாள், மைக் அணைந்திருந்தது ஜெயசீலனுக்கும் தெரியும், அத்தோடு குட்டு உடைந்துவிடும். ஜெயசீலன் விளக்கைப் போடக் கை நீட்டிவிட்டார், அந்தக் கையை ஆறுக்குட்டி பிடித்துக்கொண்டார், ஒரு நிமிசமுங்க என்று சொல்லிவிட்டுக் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், ஜெயசீலனும் பின்னாலேயே வந்தார். பிலோமினாவின் தாளை வாங்கிப் பேனாவால் மேலிருந்து கீழாக ஒரே கோடு, கீழே சாப்புட்டாருங்களா என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார், அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது, ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, மைக் ஆஃப்லதான இருந்துச்சு, உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு என்றாள். கேக்கலைம்மா, பாத்தேன் என்றார் ஆறுக்குட்டி, எனக்குக் காது போயி ஆறு வருசமாச்சு, ஆருகிட்டயும் சொல்லலை, மில்லுல படிச்ச வித்தை, வாயைப் பாத்துத்தான் ஓட்டிட்டிருக்கறேன், நீ சொன்னதுதான் சரி, எழுதுனவன் சொல்றேன். பிறகு ஜெயசீலன் பக்கம் திரும்பி, அதற்குத் தகுந்தாற்போல் முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு, இதுக்கு மேல நீங்க எப்படி முடிவு பண்ணாலும் சரிங்க, இந்த ஒரு வரி மட்டும் மாறக் கூடாதுங்க என்றார்.

ஜெயசீலன் பேசியது பிலோமினாவிடம்தான், இந்தப் பக்கம் வந்து நில்லுங்கம்மா, உங்க முகம் அவருக்குத் தெரியணும் என்றார், இதை அவர் ஆறுக்குட்டிக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மைக்கை முழுசாகத் திருப்பி வைத்தார்கள், நடிப்பவர்கள் எல்லாரும் இடம் மாறி நின்றார்கள், ஆறுக்குட்டி வெளியே வந்து நாற்காலியை இழுத்துக் கண்ணாடியை ஒட்டிப் போட்டுக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது, சூப்பர்வைசர் பேசி முடித்தான், பிலோமினா மைக்குக்கு மேலாக நேரே அவரைப் பார்த்தாள், சாப்புட்டாருங்களா என்று கேட்டாள், ஜெயசீலன் டேப்பை நிறுத்தாமல் ஓடவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஆறுக்குட்டி தன் நாடகத்தைத் தானே கேட்டார்.