ஆரபி நின்ற வரிசை

சந்தையில் வெண்டிக்காய் வாங்குகிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். ஒடிந்தால் பிஞ்சு, ஒடியாவிட்டால் முற்றல். பட்டணத்து ஜிம்னாஸ்டிக் வகுப்பு மாஸ்டர் என் மகளை அப்படித்தான் பார்த்தார். குனியச் சொன்னார், தோளைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார், கடைசியில் வயதைக் கேட்டார்.

"பன்னிரண்டு," என்றாள் ஆரபி.

"உது ஆறு வயசிலை தொடங்கிற விளையாட்டு அம்மா. இனி உடம்பு வளையாது. பிள்ளை நல்ல வளத்தி, வலைப்பந்து விளையாட விடுங்கோ."

"என்ரை பிள்ளை என்ன முத்தின வெண்டிக்காயோ?" என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினேன். கேட்காமல் வந்திருந்தால் எனக்குச் சோறு செமித்திருக்காது.

ஆறு வயதில் அவளைச் சேர்க்காதது யாருடைய பிழை? இணுவிலில் புகையிலைத் தோட்டமும் வெங்காயமும் என்று இருக்கிற எங்களுக்கு அப்படி ஒரு விளையாட்டு இங்கே பழக்குகிறார்கள் என்பதே தெரியாது. ஆரபி கைபேசியில் பார்த்துத்தான் தொடங்கினாள். தோட்ட வரம்பில் கையால் நடந்தாள். கிணற்றடியில் கரணம் அடித்தாள். தகப்பன் றமேஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "உவளுக்குக் கால் எதுக்கு, நிலத்திலை படுறதே இல்லை," என்பார். பள்ளிக்கூடத்தில் யாரோடும் பெரிதாகக் கதைக்காத பிள்ளை, தலைகீழாக நிற்கும்போது மட்டும் சிரித்தாள். அதைக் கண்ட பிறகு ஒரு தாய் சும்மா இருக்க முடியுமா?

இரண்டாவது இடத்தில் வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அது உடம்பு இளைக்க விரும்புகிற பெண்களுக்கான வகுப்பு. முருங்கைக்காய் போல நின்ற என் மகளைப் பார்த்து அவர்களுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. ஆரபிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திரும்பும் வழியில், "அம்மா, விடுங்கோ. எனக்குப் பிந்திப்போச்சு," என்றாள். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை சொல்லுகிற வார்த்தையா அது? ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதுவிடலாம் போல இருந்தது.

மூன்றாவது இடத்தைச் சொன்னவள் என்னோடு கந்தோரில் வேலை செய்யும் றஜிதா. நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால், முன்பு வெங்காயம் அடுக்கி வைத்த களஞ்சியம் ஒன்றில் பழக்குகிறார்களாம். வல்லை வெளிக் காற்றில் ஸ்கூட்டர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே நீல மெத்தைகள், நீளமாக ஒரு ஒடுங்கிய மரச்சட்டம், கூரையில் தொங்கும் வளையங்கள். எவ்வளவு கழுவியும் போகாத ஒரு வெங்காய மணம்.

பழக்குகிற பிரதீபாவுக்கு முப்பது வயது கூட இருக்காது. அவள் ஆரபியை வளைத்தும் பார்க்கவில்லை, இழுத்தும் பார்க்கவில்லை.

"விழுந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டாள்.

ஆரபி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"எழும்புவன்."

"அப்ப அந்த வரிசையிலை போய் நில்லும்."

அந்த வரிசையைப் பார்த்ததும் என் முகம் சுருங்கிவிட்டது. ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள். அதில் உயரமானது ஆரபியின் இடுப்புக்கு வந்தது. கோழிக்குஞ்சுகளுக்கு நடுவில் கொக்கு நிற்பது போல என் மகள் கடைசியில் போய் நின்றாள்.

"ரீச்சர், அவளைப் பெரிய பிள்ளையளோடை விடேலாதோ?"

"அவை கனகாலம் பழகினவை, அம்மா. இஞ்சை வயசைப் பாத்து வரிசை இல்லை. புதுசா வாற ஆக்களுக்கு உதுதான் வரிசை."

பதிலுக்கு என் நாக்கில் இரண்டு மூன்று வந்தன. ஆனால் ஆரபி ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

முதலாவது கரணத்திலேயே அவள் சரிந்து மெத்தைக்கு வெளியே போய்த் தொப்பென்று விழுந்தாள். குஞ்சுகள் எல்லாம் கை தட்டின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை விழ, கை தட்டுகிற வகுப்பும் ஒரு வகுப்பா என்று கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அதற்குள் முன்பல் இல்லாத ஒரு சின்னது ஆரபியின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. பெயர் நிவேதனா என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, கையைத் தூக்குங்கோ."

"ஏன்?"

"விழுந்தாலும் எழும்பி ரெண்டு கையையும் தூக்கவேணும். அப்பதான் முடிஞ்சது. தூக்காட்டி நாங்கள் தட்டிக்கொண்டே இருப்பம்."

ஆரபி கையைத் தூக்கினாள். கைதட்டல் நின்றது. நிவேதனா விடவில்லை. "நாடியை நெஞ்சிலை முட்டவேணும் அக்கா. இல்லாட்டிக் கழுத்து நோகும்," என்று தன் முகவாயை நெஞ்சோடு சேர்த்து ஒருமுறை உருண்டும் காட்டினாள். ஆறு வயதுப் பிள்ளை சொல்லிக் கொடுக்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலையாட்டிக் கேட்டது. அவளுக்கு வெட்கமில்லை, வெட்கமெல்லாம் எனக்குத்தான் இருந்திருக்கிறது. நான் மறுபடி கதிரையில் உட்கார்ந்தேன்.

திரும்பும்போது வல்லை வெளியில், என் முதுகுக்குப் பின்னால் கையிரண்டையும் காற்றில் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். "கையை எடுத்து என்னைப் பிடி," என்று ஏசினேன். ஏச்சில் சூடு இருக்கவில்லை, அது அவளுக்கும் தெரியும்.

அதன் பிறகு எங்களுக்குச் சனிக்கிழமை என்றால் நெல்லியடிதான். மாதங்கள் ஓடின. ஆரபியும் குஞ்சுகளும் ஒன்றாகவே ஒவ்வொன்றாகப் படித்தார்கள். உயரத்தில் இருப்பதை அவள் எட்டி எடுத்துக் கொடுப்பாள், உடம்பு வளைகிற வித்தைகளை அவர்கள் அவளுக்குக் காட்டுவார்கள். ஒருநாள் பிரதீபா முதுகிலிருந்து கையை எடுத்துவிட, ஆரபி தனியாகப் பின்கரணம் அடித்துக் கால் அசையாமல் நின்றாள். நான் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு தாயின் கையைப் பிடித்து, "உது என்ரை மகள்," என்றேன். "ஓம், அண்டைக்கும் சொன்னனீங்கள்," என்றாள் அவள். இருக்கட்டும். பெருமைப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்படத்தானே வேண்டும்.

ஆவணியில் ஆரபி பெரிய பிள்ளையானாள்.

தண்ணீர் வார்த்தவள் என் மச்சாள் குணலட்சுமி, றமேசின் அக்கா. சின்ன வயதில் தாயை இழந்த றமேசைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அதனால் எங்கள் வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி என்று தினமும் தூக்குச்சட்டியோடு வந்து ஆரபிக்குப் பக்கத்தில் இருந்து ஊட்டுவாள். அவளுடைய அன்பில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் நாள், ஆரபியின் அறையில் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"கலா, உந்தத் தலைகீழாய் நிக்கிற விளையாட்டு இனிப் போதும். குமர்ப்பிள்ளை கண்டபடி விழுந்தெழும்பினால் சனம் என்ன கதைக்கும்?"

"சனம் எப்பிடியும் கதைக்கும் மச்சாள்."

அவள் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலைக்கு மேலே, வெள்ளைச் சுண்ணாம்பில் இரண்டு பாத அடையாளங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆரபி களியைத் தின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கையில் நின்றிருக்கிறாள்.

"உது என்ன?"

"களி வேலை செய்யுது," என்றேன்.

மச்சாள் சிரிக்கவில்லை. நேரே தம்பியிடம் போய்விட்டாள். அன்று றமேஸ் என்னிடம் வந்து, "அக்கா சொல்லுறதையும் தட்டேலாது. சாமத்தியவீடு முடியட்டும், பாப்பம்," என்றார். 'பாப்பம்' என்றால் எங்கள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். உள்ளேயிருந்த ஆரபிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குச் சுவரில் புதிய அடையாளம் எதுவும் விழவில்லை. மூன்று படி ஏறி இறங்கித் தேடிப் பிடித்த இடம் அது.

சாமத்தியவீட்டுக்கு, அதுதான் பூப்புனித நீராட்டு விழாவுக்கு, மண்டபம் எடுத்தோம். மச்சாளுக்கு ஒரு கவலைதான். தட்டம் ஏந்தி முன்னால் நடக்கத் தோழிப் பிள்ளைகள் வேண்டும். சொந்தத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

"என்ரை சிநேகிதிகளைக் கூப்பிடட்டோ மாமி?" என்று கேட்டாள் ஆரபி.

"அதுகள் உன்ரை உயரமெல்லே? தோழி எண்டால் சின்னனாய், எல்லாம் ஒரே அளவாய் இருக்கவேணும்."

"சின்னனாய்த்தான் மாமி இருக்கினம். எல்லாரும் ஒரே அளவு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

விழா நாளன்று அளவெட்டியிலிருந்து மேளம் வந்திருந்தது. நெல்லியடியிலிருந்து ஒரு வாடகை வேனில் குஞ்சுகள் வந்து இறங்கின. மஞ்சள் பட்டுப் பாவாடை, தலையில் பூ, கையில் பழத்தட்டமும் பூத்தட்டமும். முன்னால் நிவேதனா, இப்போது அவளுக்குப் பாதிப் பல் முளைத்திருந்தது. மரச்சட்டத்தில் நடந்து பழகின கால்கள் அல்லவா, ஒருத்தியின் தட்டம் கூட ஆடவில்லை. கழுத்து நிமிர்ந்து, கால்விரலை முதலில் வைத்து, ஒரே சீராக நடந்தார்கள். மச்சாள் என் காதுக்குள், "ஆரின்ரை பிள்ளையள் கலா? என்ன வடிவாய் நடக்குதுகள். வளத்தால் உப்பிடி வளக்கவேணும்," என்றாள்.

"பிறகு சொல்லுறன் மச்சாள்."

ஆலத்தி எடுத்தாயிற்று. மேடையில் இருந்து இறங்கிப் பெரியவர்களின் காலில் விழ வேண்டும். மச்சாளும் நானும் கீழே நின்றோம். மேளம் முழங்க, தோழிகள் இரண்டு பக்கமும் நிற்க, ஆரபி இறங்கினாள். இரண்டாவது படியில் சேலைக் கொய்யக மடிப்பை அவளே மிதித்துவிட்டாள்.

நிறைந்த மண்டபத்தில், அத்தனை பேர் பார்த்திருக்க, என் பிள்ளை முன்னால் சரிந்தாள். என் கை நீண்டதே தவிர எட்டவில்லை. ஆனால் விழுகிற அந்த இமைப்பொழுதில் அவளுடைய நாடி நெஞ்சில் முட்டியதைக் கண்டேன். தோள் திரும்பியது. பட்டுச்சேலையோடு கம்பளத்தில் ஒரு உருளல் உருண்டு, உருண்ட வேகத்திலேயே எழும்பி, காலைச் சேர்த்து நின்றாள். தலைச்சாமான் நகை ஒரு பக்கம் பறந்தது. பூ பாதி அவிழ்ந்து தொங்கியது.

மேளம் நின்றுவிட்டது. தவில்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

ஆரபி எங்களைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். பிறகு வளையல் குலுங்க இரண்டு கைகளையும் நேராக மேலே தூக்கினாள்.

குஞ்சுகள் தட்டங்களைக் கம்பளத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கை தட்டத் தொடங்கின. நிவேதனாதான் முதலில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களுக்கு அது வழக்கம். நானும் தட்டினேன். பின்வரிசையில் பிரதீபா தட்டினாள். அதற்குப் பிறகு யார் யார் தட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை, கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. மண்டபமே அதிர்ந்தது மட்டும் கேட்டது. என் மகள் விழுந்ததைப் பார்த்து நான் அவ்வளவு பெருமைப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவர்களுக்கு என்னிடம் நல்ல ஏச்சுக் கிடைத்திருக்கும்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சொந்தக்காரி வாயைக் கோணினாள். "நல்ல நாளிலை, சபைக்கு முன்னாலை பிள்ளை விழுந்திட்டுது. உது சரியில்லை."

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மச்சாள் முந்திவிட்டாள்.

"விழுந்ததைக் கண்ட உங்களுக்கு எழும்பினது தெரியேல்லையோ? எங்கை, உங்கடை வீட்டிலை ஒருத்தரை உப்பிடி எழும்பிக் காட்டச் சொல்லுங்கோ பாப்பம்."

அந்த மனுசி அடுத்த பந்தியை நோக்கி நடந்துவிட்டாள். மச்சாள் குனிந்து தலைச்சாமானைப் பொறுக்கி எடுத்தாள். நிவேதனா அவளுடைய சேலையை இழுத்து, "அம்மம்மா, அக்கா நாடியை முட்டினவ. நான்தான் பழக்கினனான்," என்றாள்.

மச்சாள் அந்தச் சின்னதைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உதுகள்தானோ உன்ரை நெல்லியடி?" என்றாள்.

"ஓம் மச்சாள்."

மச்சாள் ஆரபியைத் திருப்பி நிறுத்தி, பூவை இறுக்கிக் குத்தினாள். றமேஸ் பக்கத்தில் வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அப்போதுதான் வீடியோக்காரப் பெடியன் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"தங்கச்சி, நான் மற்றப் பக்கம் நிண்டிட்டன். ஒருக்கால் திரும்பி விழுந்து எழும்புறியளே?"

ஆரபி சிரித்துவிட்டாள். மச்சாள் பூவிலிருந்து கையை எடுக்காமலே அவனுக்குச் சொன்னாள்:

"இஞ்சை வேண்டாம் தம்பி, சேலை பழுதாப்போம். சனிக்கிழமை நெல்லியடிக்கு வாரும். ஒவ்வொரு சனியும் எங்கடை பிள்ளைக்கு அங்கை உதுதான் வேலை."