தலையணையோடு வந்த ஸ்பைவேர்

தையல்காரியின் வீட்டுக் கணினியில் குடியேறிய ஸ்பைவேர் என்னும் வேவு நிரல், பழுப்புச் சட்டை போட்ட ஓர் ஒல்லி ஆளாக இருந்தது. எதிர்க்கடை முதலாளி மின்னஞ்சலில் அனுப்பிய வாழ்த்துப் படத்தை அவள் திறந்த அன்று உள்ளே வந்து, மானிட்டருக்குப் பின்னால் குந்திக்கொண்டது. அவள் கணினியில் ஓர் உடுப்புக்கு வெட்டுப்படம் வரைந்தால் போதும், மறுநாளே அதே உடுப்பு எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் தொங்கும். அந்தக் கடையில் பத்து வருஷம் மாடாய் உழைத்துவிட்டு வெளியே வந்தவள் அவள். "பாத்துட்டே இரு, திரும்பி வந்து என் வாசல்லதான் நிப்பே" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவ நழுவ, அந்தப் பேச்சு பலித்துவிடுமோ என்று அவள் கணக்கு நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

கணினி பழுதுபார்ப்பவர் வந்து அதை அழித்தார். பொழுது சாய்ந்ததும், வேலை முடிந்து வீடு திரும்புகிறவன்போல அது செருப்பைக் கழற்றிவிட்டுப் பழைய இடத்தில் ஏறிக்கொண்டது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினார், வந்தது. ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினார். இந்த முறை தலையணையோடு வந்தது. "இப்படி ஒரு கல்லுளிமங்கனை நான் பாத்ததே இல்லம்மா" என்று அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"சனியனைக் கம்ப்யூட்டரோட தூக்கிக் கடாசிடலாம்" என்றான் கணவன்.

"நான் எதுக்குக் கடாசணும்? என் மேசை, என் கம்ப்யூட்டர். போறதா இருந்தா அவன் போகட்டும்" என்றவள், மானிட்டர் பக்கம் திரும்பினாள். "பாருடா, கண்ணு குளிரப் பாரு!"

தையலுக்கு விடவேண்டிய அரை அங்குலத்தையும் சேர்த்தே படம் வரைவது அவள் பழக்கம். எதிர்க்கடைக்காரர்களுக்கும் அது தெரியும். அவள் கோட்டின்மேல் கண்ணை மூடிக்கொண்டு கத்தரி போடுவார்கள். அன்றிலிருந்து அந்த அரை அங்குலத்தைப் படத்தில் சேர்ப்பதை நிறுத்தினாள். துணியில் மட்டும் சாக்கட்டியால் கூட்டிக்கொண்டாள். எதிர்க்கடையில் வாங்கியவர்களெல்லாம் உடுப்புக்குள் பிதுங்கினார்கள். ஒரு பாடகர் மேடையில் கையைத் தூக்கியதும் முதுகுப்புறம் டர்ரென்று கிழிந்தது. நழுவிப் போனவர்கள் அசடு வழியத் தையல்காரியிடமே திரும்பினார்கள்.

ஒரு காலை கதவு தட்டப்பட்டது. கையில் தலையணையோடு ஸ்பைவேர் வெளியே நின்றது.

"தப்புப் படமா அனுப்புறேன்னு முதலாளி கூப்பிட்டுத் துரத்திட்டாருக்கா. போக்கிடம் இல்ல."

"ஆகா! கடைசியில யாரு வாசல்ல யாரு வந்து நிக்கிறா பாத்தியா!" என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். "உள்ள வா. ஆனா கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டித்தான் உக்காரணும்."

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த வீட்டில் ஊசி கோர்க்க யாரும் இப்போது மூக்குக்கண்ணாடி தேடுவதில்லை. ஸ்பைவேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கோர்த்துக் கொடுக்கிறது. அதற்கு நல்ல கூரான கண்.