ஊற்றுக்கு இருபது கிலோமீட்டர் முன்னால்

1.

இந்தக் கதை நானாக எழுத வந்ததில்லை. போன மார்ச்சில் என் தம்பி லைல் ஹாகன் இறந்தான். ஊர் மலருக்கு அவனைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமென்று அவன் மகள் வந்தாள். "அத்தை, புத்தாண்டு தவறாம ரெண்டு பேரும் பூங்காவுக்கு வெந்நீர் ஊத்துக்குப் போவீங்களே, அதை எழுதுங்க. சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள்.

ஹாகன் குடும்பத்துக்கு மூத்தவள் நான். வயது எழுபத்தெட்டு. குடும்பத்துக்குக் குறைவான ஒரு சொல்லை இதுவரை வெளியே விட்டதில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

முதல் தொடக்கம் இப்படி: "அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாலையில் எதுவும் தெரியவில்லை."

[அடித்துவிட்டேன். அன்று மைனஸ் நாற்பது டிகிரி. அந்தக் குளிரில் பனி கொட்டாது. இந்த வடக்கில் யார் படித்தாலும் சிரிப்பார்கள்.]

2.

இரண்டாவது தொடக்கம். பதினொரு வருடங்களுக்கு முந்தைய புத்தாண்டு. காலை பதினொரு மணி, கண் கூசும் வெயில். லைல் தன் பச்சை வண்டியில் ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். இன்னும் இருபது கிலோமீட்டர். சாலையோரம் ஒரு வண்டி பானெட்டைத் தூக்கியபடி நின்றது. பக்கத்தில் ஒரு மனிதர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் பானெட் தூக்கிய வண்டியை இந்தச் சாலையில் எவரும் கடந்து போவதில்லை. எதிரி என்றாலும் ஏற்றிக்கொள்வார்கள், திட்டுவதை இறக்கிவிட்ட பிறகு வைத்துக்கொள்வார்கள். அங்கே போனில் சிக்னலும் கிடையாது.

லைலுக்கு அந்த மனிதரைத் தெரியும். ஓரின் பைக். எங்கள் தங்கை கர்ஸ்டனைக் கட்டி, நான்காம் வருடம் விட்டுப் போனவர்.*

லைலின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது. அப்புறம் அது

* அவர் போன அன்று குடும்பத்தைக் கூட்டிவைத்து ஒரு கட்டளை போடப்பட்டது. இனி ஹாகன் கண்ணுக்கு ஓரின் பைக் தெரிய மாட்டார். கடையில், தபால் அலுவலகத்தில், சாவு வீட்டில், எங்கேயும். அந்தப் புத்தாண்டு வரை ஒன்பது வருடம் ஒருவரும் அதை மீறவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. கட்டளை போட்டவள் நான்.

3.

மேலே அறுந்து கிடக்கும் வாக்கியத்தை நான்கு நாளாக முடிக்க முடியவில்லை. லைல் என்ற பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அடிபட்ட நரிக்குக்கூட வண்டியை நிறுத்துகிறவன் அவன். அவன் கால் தானாக மறுபடி மிதிக்காது. வாசகர்கள் நம்ப மாட்டார்கள்.

சரி. எந்த வரைவிலும் பக்கத்து இருக்கையில் நான் ஆளை வைக்கவில்லை. அது காலியாக இல்லை.

"அக்கா, அது ஓரின்" என்றான் லைல்.

"யாரு? எனக்கு யாரும் தெரியல."

"பானெட்டைத் தூக்கி வெச்சிருக்கான்க்கா."

"நீ ஓட்டு."

கால் மிதித்தது.

4.

[இந்தப் பகுதியை ஆவியிலும் நுரையிலும் அழகாகத் தொடங்கியிருந்தேன். கிழித்துவிட்டேன்.]

லைல் கழுத்தளவு வெந்நீரில் இருந்தான். தலைமுடி உறைந்து வெள்ளைக் குச்சிகளாக நின்றது. அவனுக்குச் சூடு ஏறவேயில்லை. சாலையிலிருந்து ஊற்றுக்கு வரும் மர நடைபலகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பலகை அதிர்ந்தது. எண்ணெய் லாரி ஓட்டும் பெர்னி, ஓரினைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள்.

"ஏ லைல், தள்ளு! மனுஷன் விறகுக்கட்டையா விறைச்சுப்போயிருக்கான். கிட்டத்துல சூடுன்னா இதுதான்னு இங்க கொண்டுவந்தேன். டேய், கொதிக்கிற பக்கம் போகாத. கீழ, தண்ணி வழியிற பக்கம் உக்காரு. விரலைத் தேய்க்காத!"

இடது கையில் இரண்டு விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன.

"எத்தனை வண்டிடா நிக்காமப் போச்சு?" என்றாள் பெர்னி. "பேரைச் சொல்லு. டயரைக் கிழிச்சுட்டு வரேன்."

ஓரின் லைலைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ஒரு வண்டியும் வரல."

"பொய் சொல்லாத. புதுத் தடம் இருந்துச்சே?"

"அது மூஸ் மான் ஓட்டிட்டுப் போன வண்டி" என்றார் ஓரின். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "புத்தாண்டு பாரு, குடிச்சிருந்துச்சு. நிறுத்தத் தெரியல."

பெர்னி சிரித்தாள். லைல் சிரிக்கவில்லை. அவன் வாய் திறந்தது. "மச்சா" என்று பாதி வந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த சொல்.

தண்ணீருக்கு அடியில் நான் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தேன். வாய் மூடிக்கொண்டது.

5.

முடிவுகள். ஒன்று: நான் கையை விடுகிறேன், லைல் பேசிவிடுகிறான். எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. பொய். இரண்டு: ஓரினின் விரல்கள் பிழைத்துக்கொள்கின்றன. அதுவும் பொய். இரண்டு விரல்களையும் முதல் கணுவோடு எடுத்தார்கள்.

நடந்தது இதுதான். உடம்பைத் துவட்டிக்கொண்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அதற்குப் பிறகும் பத்துப் புத்தாண்டுகள் ஊற்றுக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும் லைல் வேகத்தைக் குறைப்பான். நான் பேச்சை மாற்றுவேன்.

மார்ச்சில் அவன் சவப்பெட்டியைத் தூக்க ஓர் ஆள் குறைந்தது. யாரும் கூப்பிடாமல் ஓரின் வந்து, அந்தக் கையால் பிடித்தார். அப்போதும் நான் பார்க்கவில்லை.

இந்தக் கதைக்கு என்னால் முடிவு எழுத முடியாது. எழுதினால் மறுபடி குடும்பத்தைத்தான் காப்பாற்றுவேன். ஆகவே இது மலருக்கும் போகவில்லை, லைலின் மகளுக்கும் போகவில்லை. நாளைக் காலை நானே கொண்டுபோய் ஓரின் வீட்டில் கொடுக்கப்போகிறேன். அச்சுக்குப் போகட்டும் என்றாலும் அடுப்பில் போடு என்றாலும் அவர் இஷ்டம். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவர் எதைச் சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். அது அவருடையது. அதற்கு முன் என்னுடையது ஒரே வரி.

ஓரின், அன்று உங்களை நான் பார்த்தேன்.