வரிசையில் இருபத்தாறாவது ஆள்

கீழே உருண்ட சட்டைப் பொத்தானைத் தேடி அவள் மேஜைக்கடியில் குனிந்தாள். அதை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் கணவர் இறந்துவிட்டிருந்தார். அது அவளுக்குத் தெரிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

திட்டாமல் என்ன செய்வாள்? ஜன்னலோர நாற்காலியில் அவர், அவர் மடியில் பொத்தான் வைத்த பழைய ஃபோன், ஃபோனின் ஸ்பீக்கரில் நாய் இன்சூரன்ஸ் கம்பெனியின் காத்திருப்பு இசை. ஒரு பியானோவும் அதைக் கழுத்தை நெரித்துக் கொல்ல வந்த ஒரு புல்லாங்குழலும். "இந்தப் பாட்டைக் கேட்டா பிணம்கூட எழுந்து ஓடிடும்" என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இசை நிற்கும். தேன் தடவிய குரல் ஒன்று, "நீங்கள் வரிசையில் பதினெட்டாவது இடத்தில் இருக்கிறீர்கள்" என்று சொல்லும். தொடங்கும்போது இருபத்தாறாவது இடம்.

"நிறுத்தித் தொலைங்களேன், காது போகுது" என்று அவள் ஒருமுறை கை நீட்டியபோது அவர் ஃபோனைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார். "தொடாத! உயிரே போனாலும் லைனைக் கட் பண்ணக் கூடாது. திரும்பவும் இருபத்தாறுல இருந்து ஆரம்பிக்கணும்."

மனிதர் எடையளவு இன்ஸ்பெக்டராக முப்பத்துநான்கு வருடம் இருந்தவர். இரண்டு தெரு தள்ளி அவர் வருகிறார் என்றால் கடைத்தராசுகள் தாமாகவே நடுங்கி நேராகும் என்பார்கள். உலகத்தில் எதிலும் திருப்தி கிடையாது. எங்கே ஃபோன் பண்ணினாலும் கடைசியில் எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள் என்று கேட்பார்களே, அதற்காகவே காத்திருந்து ஒன்றை அழுத்துவார். பல் பிடுங்கிய டாக்டருக்கு ஒன்று. வெள்ளத்தில் வந்து மாடியிலிருந்து இறக்கிவிட்ட தீயணைப்புப் படைக்கும் ஒன்று. "அஞ்சு போடறவன் கடைக்காரனுக்குச் சொந்தக்காரனா இருப்பான்" என்பது அவர் கட்சி.

நாயின் பெயர் ஜட்ஜ். யாரைப் பார்த்தாலும் ஆயுள் தண்டனை கொடுப்பது போலப் பார்க்கும். மூன்று வயதில் அவருடைய ஐம்பது கிராம் பித்தளை எடைக்கல்லை விழுங்கிவிட்டது. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். செலவு முழுவதையும் இன்சூரன்ஸ் கொடுத்தது. அன்றிலிருந்து அவள் அந்தக் கம்பெனியின் பக்தை. அவரோ கல்லைக் கழுவித் தராசில் வைத்துப் பார்த்து, "மூணு நாள் உள்ள இருந்தும் ஒரு மில்லிகிராம் குறையல. ஊர்லயே யோக்கியமான வயிறு இவனோடதுதான்" என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரீமியம் மட்டும் வருடா வருடம் எகிறியது. "நாய்க்கு ஒரு வயசுன்னா மனுஷனுக்கு ஏழு வயசாம். அந்தக் கணக்குலதான் ஏத்துறானுங்க!" என்று குதிப்பார். மாடியில் குடியிருக்கும் அவளுடைய தம்பி, குழாய் ரிப்பேர்காரன், எண்ணெய் ஊற்றுவான். "அத்தான், அந்தப் பணத்தை ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தா ஜட்ஜய்யாவுக்கு மட்டுமில்ல, அவர் டாக்டருக்கும் சேர்த்து ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்."

போன மாதம் நாய் டாக்டர் ஜட்ஜின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதய வால்வு ஒழுகுகிறது, மிஞ்சினால் ஆறு மாதம் என்றார். வீடே அதற்குத் தயாரானது. தம்பி கொல்லை மரத்தடியில் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டான். இன்று மாலை ஐந்து மணிக்குள் பாலிசியைப் புதுப்பிக்காவிட்டால் இனி அந்த இதயத்துக்கு எந்தக் கம்பெனியும் காசு தராது. அவரோ மூன்று மாதமாக "இந்த வருஷம் கேன்சல்தான்" என்று பாடிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட கையோடு ஃபோனை எடுத்து உட்கார்ந்ததுமே, கேன்சல் பண்ணத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பதினோரு வருஷம் கட்டிட்டு, நிஜமாவே முடியாமப் போனப்ப கைகழுவுறீங்களே" என்று பொத்தானைத் தைத்துக்கொண்டே சொன்னாள். அவள் ஊராரின் சட்டைகளைச் சுருக்கியும் பெருக்கியும் தைத்துக் கொடுப்பவள். "நீங்க செக் பண்ண கல்லுலயே பெரிய கல்லு உங்க நெஞ்சுல இருக்கறதுதான். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த ஜென்மத்துல உங்களோட பேசமாட்டேன், சொல்லிட்டேன்."

பதில் இல்லை. பதில் இல்லாதது அந்த வீட்டில் அதிசயமும் இல்லை.

நான்கு மணி ஆனதும் மாத்திரையை ரொட்டித் துண்டுக்குள் செருகினாள். ஜட்ஜ் அவர் கையால் கொடுத்தால்தான் தின்னும். "இந்தாங்க, உங்க பிள்ளைக்கு நீங்களே ஊட்டுங்க" என்று அவர் உள்ளங்கையில் வைத்தாள். ரொட்டி கீழே விழுந்தது. ஜட்ஜ் ரொட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்பியது. அவள் அவர் கையை எடுத்து மறுபடி மடியில் வைத்தாள். கையும் விழுந்தது.

"என்னங்க."

தோளைத் தொட்டாள். தலை, சாய இடம் பார்த்திருந்தது போல, மெதுவாக ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

மாடிப்படிக்கு ஓடினாள். "டேய்! போயிட்டாருடா!"

தம்பி நான்கு நான்கு படிகளாகத் தாவி வந்தான். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் பழைய போர்வை, கண்ணில் அதற்குள் தண்ணீர். "எப்பக்கா? கஷ்டப்படாமப் போனாரா? கடைசியா ஏதாவது சாப்பிட்டாரா?"

அவன் முன்னால் ஜட்ஜ் வந்து நின்று வாலை ஆட்டியது.

தம்பி நாயைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் பார்வை போன பக்கம் திரும்பினான். மண்வெட்டி அவன் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் சுவரில் சாய்த்தான். அது சரிந்து விழுந்தது. மறுபடி சாய்த்தான்.

"அத்தானா?" என்றான்.

ஆம்புலன்ஸ்காரர் வந்தார். கழுத்தைத் தொட்டார், கண்ணைத் திறந்து விளக்கடித்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்க வாய்ப்பில்லை, ஆனால் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். பிறகு தயங்கிக்கொண்டே, "அம்மா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று கேட்டார்.

பியானோவும் புல்லாங்குழலும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. யாரும் எழுந்து ஓடவில்லை.

தம்பி ஃபோனை நோக்கிக் குனிந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "தொடாத! மூணாவது இடத்துக்கு வந்துட்டோம்."

"அக்கா, இப்ப இதுவா முக்கியம்? அத்தானே வேணாம்னுதானே சொல்லிக்கிட்டிருந்தாரு?"

"கட் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

ஆம்புலன்ஸ்காரர் தம்பியைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் எடுக்க இருவரும் வெளியே போனார்கள். அவள் அவருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு. ஒன்று. இசை நின்றது.

"காத்திருந்ததற்கு நன்றி" என்றது ஒரு பெண் குரல். "சார்கிட்ட பேசலாமா?"

"இங்கதான் இருக்காரு. பேச முடியாது. நான் அவர் வீட்டுக்காரி. அவர் என்ன சொன்னாலும் கேன்சல் பண்ணாதீங்கம்மா. அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு, நான் கட்டிடறேன்."

"கேன்சலா? சார் காலையிலயே ரின்யூ பண்ணிட்டாரே மேடம்."

காலையில் அவள் தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தாள்.

"அவர் கேட்ட இன்னொரு விஷயத்துக்குத்தான் மதியம் கூப்பிடச் சொல்லியிருந்தோம். பார்த்துட்டேன் மேடம். பாலிசியில இருக்கு. ஓனர் நாலு நாளைக்கு மேல ஆஸ்பத்திரியில இருந்தா, நாயை விடுதியில விடற செலவை நாங்க கொடுத்துடுவோம். சாரோட அட்மிஷன் சீட்டு மட்டும் வேணும். திங்கட்கிழமைதானே ஆபரேஷன்?"

"யாருக்கு? நாய்க்கா?"

"இல்ல மேடம். சாருக்கு. ஹார்ட்ல." அந்தப் பெண் எதையோ படித்தாள். "நாயோட எடை முப்பத்திரண்டு கிலோ நானூறு கிராம், வீட்டம்மாவுக்கு முதுகுவலி, தனியா படியேத்த முடியாதுன்னு குறிச்சிக்கச் சொன்னாரு. நானூறு கிராமை விட்டுடக் கூடாதுன்னும் சொன்னாரு."

பெண்டாட்டிக்குத் தெரியாதது, மைத்துனனுக்குத் தெரியாதது, நாய் இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு கடைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட முகமாகத்தான் இருந்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? விடுதிக்கு எழுதிடட்டுமா?"

"வேணாம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகல."

"ஓ, ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டாங்களா? ரொம்ப சந்தோஷம் மேடம்!"

ஜட்ஜ் துப்பிய மாத்திரை அவள் காலடியில் ஈரமாகக் கிடந்தது. அதை எடுத்துப் புடவையில் துடைத்தாள்.

"பாலிசியை என் பேருக்கு மாத்தணும்."

"மாத்தலாம் மேடம். காரணம் போடணும். விவாகரத்து, வெளியூர் மாற்றம், விற்பனை, மரணம்... எதைப் போடட்டும்?"

"கடைசியா சொன்னீங்களே, அது."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. "மேடம்... எப்போ?"

"நீங்க பாட்டு போட்டுக்கிட்டிருந்தப்ப."

மறுமுனையில் நூறு பேர் பேசும் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். பிறகு மிக மெதுவாக, மனப்பாடமாக வருவதைத் தடுக்க முடியாதவளாக, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்று கேட்டுவிட்டு, "ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா" என்றாள்.

"பரவாயில்லம்மா. நீ வை."

லைன் மாறியது. தேன் தடவிய குரல் மறுபடி வந்தது. எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா? ஒன்று முதல் ஐந்து வரை ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தவும்.

வாசலில் ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் படியில் இடித்தன. குரல் அதே கேள்வியை இரண்டாவது முறை கேட்டது.

அவள் அவருடைய வலது கையை எடுத்தாள். ஆள்காட்டி விரலில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அதைப் பிடித்துக் கொண்டுபோய் ஐந்தின் மேல் வைத்தாள். இழுத்துக்கொள்ளுமோ என்று சற்று நேரம் பார்த்தாள்.

பிறகு அழுத்தினாள்.