வாசலுக்கு நேரே மரம்

சந்திரமதி அந்த வீட்டைப் பார்த்தவுடனே முடிவு செய்துவிட்டாள். சிராங்கூன் பக்கம், இரண்டு சம்பளத்துக்கும் எட்டுகிற தரைவீடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றிலேயே குதிரைக்கொம்பு. அவள் மருத்துவமனையில் தாதி. கணவர் துரைசாமி கப்பல் பட்டறையில் வெல்டர். மூலை வீடு, விலையும் குறைவு. ஏன் என்று கேட்டதற்குத் தரகர் இப்ராஹீம் வெளியே கை காட்டினார்.

சாலையோரத்தில், தலைவாசலுக்கு நேர் எதிரே, பெரிய தூங்குமூஞ்சி மரம்.

துரைசாமியின் முகம் சுருங்கிவிட்டது. இரும்புத் தகட்டையெல்லாம் அப்பளம் மாதிரி வெட்டுகிற மனிதர், வாசல் சாஸ்திரம் என்று வந்தால் மட்டும் சின்னப் பிள்ளைதான்.

"வாசலுக்கு நேரா மரம் நின்னா வீடு விளங்காது. வெட்டிட்டு வாங்கலாம்."

"வெட்டுறதா? கவர்மெண்ட் மரம் லா," என்றார் இப்ராஹீம். "சட்டம் இருக்கு. கிளையத் தொட்டாலே ஃபைன்."

துரைசாமி நம்பவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, மரங்களைக் கவனிக்கிற அரசாங்க அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. நல்ல மரம், அங்கேதான் நிற்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்போது குடியிருந்த மார்சிலிங் வாடகை வீட்டுக்குத் திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "வேற வீடு பாப்போம்," என்றார்.

சந்திரமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொருவர் அந்த வீட்டுக்குக் காத்திருக்கிறார் என்று இப்ராஹீம் வேறு சொல்லியிருந்தார்.

"மரத்த நகத்த முடியாதுன்னா வாசல நகத்துவோம். மூலை வீடுதானே, பக்கத்துச் சுவத்துல வச்சுக்கலாம்."

"மரத்துக்காக யாராச்சும் வாசல மாத்துவாங்களா? பாக்குறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்." வார்டில் மருந்து குடிக்க அடம்பிடிக்கிற நோயாளியிடம் பேசுகிற அதே குரல். "ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. நாம முன்ன இருந்த பொங்கோல் வீடு, ஓலை வேஞ்ச அத்தாப்பு வீடு, அதோட வாசல்ல மரம் நின்னுச்சா?"

"இல்ல."

"அப்புறம் போன தேக்கா மாடி வீட்டுக்கு முன்னால?"

"அங்க ஏது மரம்?"

"ரெண்டும் உங்க சாஸ்திரப்படி நல்ல வாசல். ரெண்டையும் கவர்மெண்ட்ல எடுத்து இடிச்சுட்டாங்க. சட்டி பானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனோமே, அப்ப அந்த நல்ல வாசல் என்ன செஞ்சுச்சு?"

துரைசாமியின் கை தானாகத் தோள்பட்டையைத் தடவியது. இரண்டு முறையும் பீரோவைச் சுமந்து இறக்கியவர் அவர்தான்.

அவளுக்கு அழுகை முட்டியது. அழமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ என்னால சாமான் கட்ட முடியாது. சொந்தமா ஒரு வீடு வேணும். அது இந்த வீடுதான். இத நான் விடப்போறதில்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பிறகு, "கொத்தனார் முகைதீன் நாளைக்கு இருப்பாரா?" என்றார்.

"எதுக்கு?"

"புது வாசல் கிழக்க பாத்து வருமான்னு கேக்கணும்."